காலநிலை வழக்கை எந்த வாசலில் கொண்டுபோய் வைப்பது?

ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கும் பாப்புவா நியூ கினிக்கும் நடுவே கிடக்கிறது டோரஸ் நீரிணை. அங்கே போய்கு, மாசிக், வாராபர் போன்ற தீவுகள் கடல்மட்டத்தை ஒட்டிப் படுத்திருக்கின்றன. கடல் ஊருக்குள் புகுகிறது. உப்பேறிய மண்ணில் தென்னை காய்ப்பதில்லை. முன்னோரின் கல்லறைகளை அலை அரித்துக்கொண்டு போகிறது. இந்த ஒரே துயரத்தோடு அந்த நீரிணை மக்கள் இரண்டு வாசல்களைத் தட்டினார்கள். 2019 மே மாதம் எட்டுப் பேர் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். 2022இல் அவர்கள் பக்கம் முடிவு வந்தது. 2021இல் போய்கு, சாய்பாய் தீவுகளின் பெரியவர்கள் இருவர் தங்கள் நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசின் கவனக்குறைவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூலை 15 அன்று அது தள்ளுபடியானது.

தள்ளுபடி செய்த நீதிபதி அவர்கள் சொன்னதை நம்பாமல் இல்லை. தீவுகள் அழிந்துவருவதை ஒப்புக்கொண்டார். 2015, 2020, 2021 ஆண்டுகளில் அரசு அறிவித்த உமிழ்வு இலக்குகள் அறிவியலைக் கணக்கில் எடுக்காதவை என்றும் எழுதினார். ஆனால் இலக்கு வைப்பது அரசின் உயர்மட்டக் கொள்கை முடிவு, அதில் கவனக்குறைவுச் சட்டம் நுழையாது, பண்பாட்டை இழந்ததற்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடும் கிடையாது என்று முடித்தார். ஜெனீவாவில் வென்றதோ அதே பண்பாட்டு இழப்புதான். குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சிறுபான்மையினர் தம் பண்பாட்டோடு வாழும் உரிமையைச் சொல்லும் 27ஆம் உறுப்பும், வீட்டையும் குடும்ப வாழ்வையும் காக்கும் 17ஆம் உறுப்பும் மீறப்பட்டதாகக் குழு சொன்னது. கடல்சுவர் கட்ட அரசு தாமதித்தது அதற்கு முக்கியக் காரணம். உயிர்வாழும் உரிமை மீறப்பட்டது என்ற வாதத்தைக் குழுவும் ஏற்கவில்லை. தீவு வாழத் தகாததாக மாற 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும், அதற்குள் காப்பு வேலைகளைச் செய்ய இடமிருக்கிறது என்பது அதன் கணக்கு.

கடல் ஒன்று, துயரம் ஒன்று. கேட்ட இடமும் கேட்ட கேள்வியும் வேறாக இருந்ததால் முடிவும் வேறானது. காலநிலை வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அறிவியலில் தோற்றவை மிகச் சில. பல வாசலிலேயே தோற்கின்றன: காலவரம்பு கடந்தது, உள்நாட்டு வழிகளை முயலவில்லை, மனுதாரர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் அல்ல, அந்த நாட்டின் மீது அந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை. ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு வேண்டியது என்ன? ஒரு வேலையை நிறுத்தும் உத்தரவா, பணமா, அரசின் கொள்கையில் மாற்றமா, உலகம் காதில் போட்டுக்கொள்ளும் ஒரு அறிவிப்பா? நான்கும் ஒரே மன்றத்தில் கிடைக்காது.

வீட்டு வாசல்

வெளியே எந்த மன்றத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "உன் நாட்டில் என்ன செய்தாய்?" என்பதுதான். அதனால் உள்நாட்டு வழக்கு மற்ற வழிகளோடு சேர்த்து எண்ணும் ஒரு வழியல்ல. அது அவை எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

இந்தியாவில் இரண்டு பாதைகள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒன்று. தமிழ்நாட்டுக்கு உரிய தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் 1 சதவீதம். செலவு குறைவு, நீதிபதிகளோடு துறை வல்லுநர்களும் அமர்கிறார்கள். சிக்கல் காலவரம்பில். பொதுவான மனுவுக்குப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். இழப்பீட்டுக்கு 5 ஆண்டும் 60 நாளும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கும் மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதற்கு மேல் 60 நாள். 91ஆம் நாள் போய் நின்றால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தீர்ப்பாயத்துக்கு மன்னிக்கும் அதிகாரமே இல்லை.

இந்த 30 நாளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், பல கிராமங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. அனுமதி வந்துவிட்டதாகக் காதில் விழுந்ததும் முதலில் செய்வது தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்பது. அதற்குப் பதில் தர அதிகாரிக்கு 30 நாள் அவகாசம். பதில் வரவில்லையென்று முதல் மேல்முறையீடு செய்தால் இன்னொரு 30 நாள். ஊர் நகலுக்குக் காத்திருக்கும்போதே கடிகாரம் ஓடி முடிந்துவிடும். அனுமதிக் கடிதங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. இணையத்திலோ நாளிதழ் விளம்பரத்திலோ, எந்த வழியில் முதலில் அறிவிக்கப்பட்டதோ அன்றிலிருந்தே நாள் எண்ணப்படும் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். நகலுக்குக் காத்திருக்காமல் இணையத்திலிருந்து இறக்கிய பிரதியோடு தாக்கல் செய்துவிட்டு, மற்ற ஆவணங்களைக் கூடுதல் தொகுப்பாகப் பின்னால் சேர்க்கலாம். கூடவே இடைக்காலத் தடை மனுவும் போக வேண்டும். இல்லாவிட்டால் தீர்ப்பு வரும்போது கட்டடம் எழுந்து நிற்கும், "கட்டியாயிற்று, இனி என்ன செய்வது" என்ற நிலைதான் மிஞ்சும்.

தீர்ப்பாயத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதன் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்களைச் சுற்றியே அது இயங்குகிறது. அதில் காலநிலைச் சட்டம் என்று ஒன்றில்லை. ஹரித்வாரைச் சேர்ந்த ரிதிமா பாண்டே தன் ஒன்பதாவது வயதில், 2017இல், பாரிஸ் காலநிலை ஒப்பந்தக் கடமைகளை நாடு நிறைவேற்றவில்லை என்று அங்கே மனுச் செய்தார். அரசு தன் கடமைகளைக் கணக்கில் எடுத்தே திட்டங்களுக்கு அனுமதி தருகிறது என்று கொள்ள வேண்டும் எனச் சொல்லி 2019 ஜனவரியில் மனு முடிக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட ஆலை, ஒரு குறிப்பிட்ட துறைமுகம், ஒரு குறிப்பிட்ட அனுமதி என்றால் தீர்ப்பாயம். நாட்டின் கொள்கையை எதிர்ப்பதென்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான் சரி.

2024 மார்ச் 21 அன்று எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியது என்று சொன்னது. எல்லா மனுக்களிலும் இப்போது இது மேற்கோளாக ஏறுகிறது. ஏற்றுபவர்கள் அந்தத் தீர்ப்பு பிறந்த இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அழிந்துவரும் கானமயில் பறவையைக் காக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்ன 2021 உத்தரவைத் தளர்த்தி, சூரிய மின்சாரத்துக்கு வழிவிட்ட தீர்ப்பு அது. பசுமை மின்திட்டம் ஒன்றை எதிர்த்து ஒரு கிராமம் வந்தால், அதே வரிகளை அரசு வக்கீல் வாசிப்பார். அதற்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு மேற்கோள் காட்டுங்கள்.

இலங்கையில் காலம் இன்னும் குறுகியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே பெயர் மாநில நீதிமன்றத்தைக் குறிக்கும். இரு கரைகளும் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களில் இந்தப் பெயர்க் குழப்பம் தவறான ஆலோசனையில் கொண்டுபோய் விடும்.) அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். நிர்வாகத்தின் செயலை எதிர்த்து மட்டுமே இந்த மனு நிற்கும், தனியார் நிறுவனத்தை நேரடியாக எதிர்த்து நிற்காது.

ஸ்ட்ராஸ்பர்க்

ஆசியாவில் பிராந்திய மனித உரிமை நீதிமன்றம் கிடையாது. ஐரோப்பா, அமெரிக்கக் கண்டம், ஆப்பிரிக்கா மூன்றுக்கும் உண்டு. இந்த ஒரு குறை நம் தேர்வுகளில் பாதியை அடைத்துவிடுகிறது. ஆனால் ஐரோப்பிய மன்றத்தின் (கவுன்சில் ஆஃப் யூரோப்) 46 உறுப்பு நாடுகளில் ஒன்றில் வாழ்பவருக்குக் குடியுரிமை தேவையில்லை. சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ வாழும் ஈழத்தமிழருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் வாசல் திறந்ததுதான், அந்த நாட்டுக்கு எதிராக.

2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு மூன்று காலநிலை வழக்குகளில் ஒரே நாளில் முடிவு சொன்னது. எந்த மனுவை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சுவிஸ் மூதாட்டியர் சங்கம் வென்றது. 2,000க்கு மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 73. 2016இல் சொந்த நாட்டு அமைச்சகத்தில் தொடங்கி, 2018இல் நிர்வாக நீதிமன்றம், 2020 மே மாதம் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் என்று படிப்படியாகத் தோற்று, அந்த ஆண்டு நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் வந்தவர்கள். 16க்கு 1 என்ற கணக்கில், தனிவாழ்வையும் குடும்ப வாழ்வையும் காக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 8ஆம் உறுப்பு மீறப்பட்டதாகத் தீர்ப்பு. இன்னும் எவ்வளவு உமிழலாம் என்று எண்ணால் அளந்த கார்பன் வரவுசெலவு நாட்டுக்கு இல்லை, முன்பு வைத்த இலக்கையும் எட்டவில்லை என்பது காரணம். சங்கத்தோடு சேர்ந்து தனித்தனியாக மனுச் செய்த நான்கு பெண்களின் மனுக்களை அதே தீர்ப்பு ஏற்கவில்லை. தனிநபர் இரண்டைக் காட்ட வேண்டும் என்றது: விளைவு தன்மேல் மிகக் கடுமையாக விழுந்திருக்க வேண்டும், தனக்கென உடனடிப் பாதுகாப்பு இன்றியமையாததாக இருக்க வேண்டும். வெப்ப அலையில் உடல் தளர்ந்தது என்ற மருத்துவச் சான்று அந்த அளவுக்குப் போதவில்லை. சங்கத்துக்கோ அளவுகோல் எளிது. சட்டப்படி பதிவான அமைப்பா, காலநிலைத் தீங்கிலிருந்து மனித உரிமைகளைக் காப்பது அதன் நோக்கங்களில் இருக்கிறதா, பாதிக்கப்பட்டோரின் சார்பில் பேசத் தகுதி உள்ளதா என்பதே பார்வை. உறுப்பினர் ஒவ்வொருவரும் பாதிப்பை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே ஐரோப்பாவில் வழக்கு யோசிப்பவர்கள் முதலில் சங்கத்தின் விதித்தொகுப்பைத் திருத்த வேண்டும். நோக்கம் என்ற பகுதியில் அந்த வரி இல்லாவிட்டால் வழக்கு ஆட்டம் காணும்.

போர்ச்சுக்கல் இளைஞர்கள் ஆறு பேர் ஒரே மனுவில் 33 நாடுகளை இழுத்தார்கள். சொந்த நாட்டில் எந்த நீதிமன்றத்தையும் அணுகவில்லை. அதனால் போர்ச்சுக்கலுக்கு எதிரான பகுதி விழுந்தது. மற்ற நாடுகளின் அதிகார எல்லைக்குள் அவர்கள் இல்லை என்பதால் மீதியும் விழுந்தது. பிரான்சின் கிராந்த்-சிந்த் ஊரின் முன்னாள் மேயர் அந்த ஊரைவிட்டே போய்விட்டிருந்தார், ஆகவே அவர் பாதிக்கப்பட்டவர் அல்ல என்றானது. மூன்றில் எதிலும் அறிவியல் தோற்கவில்லை.

நடைமுறை இது: உள்நாட்டின் இறுதி முடிவிலிருந்து 4 மாதம். 2022 பிப்ரவரிக்கு முன்பு 6 மாதமாக இருந்தது, பழைய வழிகாட்டிகளை நம்பி ஏமாறுபவர்கள் இன்னும் உண்டு. நீதிமன்றத்தின் படிவத்தையே நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும், கூடுதல் விளக்கம் 20 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கட்டணம் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் 4 மாதம் கழிந்துவிட்டால் அவ்வளவுதான்.

கிடைப்பது என்ன? சுவிஸ் சங்கத்துக்குச் செலவுத்தொகையாக 80,000 யூரோ கிடைத்தது. எத்தனை சதவீதம் உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று நீதிமன்றம் எண் சொல்லவில்லை, அதை நாட்டிடமே விட்டது. இரண்டே மாதத்தில் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்ப்புக்கு எதிராக அறிக்கை நிறைவேற்றின. ஆனாலும் தீர்ப்பு கட்டுப்படுத்தக்கூடியது. நிறைவேற்றத்தை ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர்கள் குழு கண்காணிக்கிறது, நாடு அங்கே பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து வந்த நோர்வே எண்ணெய் வழக்கில், 2025 அக்டோபர் 28 அன்று, மீறல் இல்லை என்றே முடிவானது. ஆனால் எண்ணெய் எடுக்க அனுமதிக்கும் முன், அந்த எண்ணெய் எரிக்கப்படும்போது வெளியாகும் வாயுவையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்ற கடமையை அந்தத் தீர்ப்பு நிறுவிவிட்டது. அனுமதி வழக்குகளுக்கு இந்த வரி வெற்றித் தீர்ப்புக்குச் சமம்.

அமெரிக்கக் கண்டத்தின் அமைப்பில் தனிமனிதர் நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. ஆணையம் வழியாகவே போக வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பெருவின் லா ஒரோயா நச்சு வழக்கில் 2006இல் கொடுத்த முறையீட்டுக்கு 2023 இறுதியில்தான் தீர்ப்பு எழுதப்பட்டது.

ஜெனீவா

ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனிமனித முறையீடு செய்யக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. உள்நாட்டு வழிகள் முடிந்து 5 ஆண்டுக்குள் போவது பாதுகாப்பு. ஆனால் தனிமனித முறையீட்டுக்கு இடம்தரும், குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் நாடு சேர்ந்திருக்க வேண்டும். இந்தியா 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தது, நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே இந்தியாவுக்கு எதிராக இந்த வாசல் மூடியது. இலங்கை 1997இல் நெறிமுறையில் சேர்ந்தது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம், நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது, குழுவின் முடிவுக்கு உள்நாட்டில் சட்டவலு இல்லை என்றது. ஜெனீவாவில் வெல்லலாம், கொழும்பில் அதை நிறைவேற்று என்று நீதிமன்றம் போக முடியாது. பதிவாகும், அறிக்கைகளில் ஏறும், அரசை ஒவ்வொரு மீளாய்விலும் கேள்வி கேட்கப் பயன்படும். அதற்கு மேல் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

உள்நாட்டு வழி பயனற்றது என்றால் அதை முயல வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. டோரஸ் தீவுக்காரர்கள் ஆஸ்திரேலியாவின் உயர்மட்டத் தீர்ப்புகளையே எடுத்துக்காட்டி, தங்களுக்கு அங்கே வழியில்லை என்று நிறுவினார்கள். 2019இல் குழந்தைகள் உரிமைக் குழுவிடம் ஐந்து நாடுகளுக்கு எதிராகப் போன 16 சிறார்கள், கிரேட்டா துன்பர்க்கும் ரிதிமா பாண்டேயும் அவர்களில் சேர்த்தி, உள்நாட்டு வழக்கு கடினம், தாமதமாகும் என்று பொதுவாகச் சொன்னார்கள். 2021இல் மனு ஏற்கப்படவில்லை. அதே முடிவில், எல்லைக்கு வெளியே உள்ள குழந்தைக்கு நேரும் தீங்குக்கும் உமிழும் நாடு பொறுப்பாகலாம் என்று குழு எழுதியது. மனுதாரர்களுக்குக் கிடைக்காத பலன் பின்னால் வருபவர்களுக்குக் கிடைத்தது.

இந்தியாவிலிருந்து போகக்கூடிய ஜெனீவா வழி ஒன்று மிச்சமிருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 2021இல் உருவான காலநிலை மாற்றத்துக்கான சிறப்பு அறிக்கையாளர் பதவி. அவருக்கு எழுத நெறிமுறை எதிலும் நாடு சேர்ந்திருக்க வேண்டாம், உள்நாட்டு வழக்கு முடிந்திருக்கவும் வேண்டாம். அவர் அரசுக்குக் கடிதம் எழுதினால் பொதுவாக 60 நாள் அவகாசம். பிறகு கடிதமும் பதிலும் பொதுவில் வெளியாகும். அது தீர்ப்பல்ல. ஆனால் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு வாக்கியம் அதில் கிடைத்தால், அதை உயர் நீதிமன்ற மனுவோடு இணைக்கலாம்.

ஹேக்கும் ஹம்பர்க்கும்

பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019இல் வனுவாட்டுவில் தொடங்கிய கோரிக்கை, 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2025 ஜூலை 23 அன்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தாக வந்து நின்றது. 2024 டிசம்பரில் நடந்த வாய்மொழி விசாரணையில் 96 நாடுகள் பேசின. நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னவற்றில் நமக்கு வேண்டியவை சில. பாரிஸ் ஒப்பந்தத்தின் முதன்மை வெப்ப இலக்கு 1.5 பாகை. நாடு தன் இலக்கை இஷ்டப்படி வைத்துவிட முடியாது, கடும் கவனத்தோடு வைக்க வேண்டும். பிற நாடுகளின் சுற்றுச்சூழலுக்குப் பெருந்தீங்கு நேராமல் தடுக்கும் கடமை வழக்காற்றுச் சட்டம் (நாடுகள் தொடர்ந்து கைக்கொண்டு வந்ததால் சட்டமாகிவிட்டது), அது ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டையும் கட்டும். புதைபடிவ எரிபொருளுக்கு உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும் சட்டமீறலாக அமையலாம். மீறினால் நிறுத்த வேண்டும், ஈடு செய்ய வேண்டும்.

அதற்கு முன்பே, 2024 மே 21 அன்று, ஹம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் பைங்குடில் வாயுக்கள் கடலை மாசுபடுத்துபவை, பாரிஸ் ஒப்பந்தத்தைப் பின்பற்றினேன் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது என்றது. 2025 ஜூலை 3 அன்று வெளியான அமெரிக்கக் கண்ட மனித உரிமைகள் நீதிமன்றத்தின் கருத்து இன்னும் தூரம் போய், ஆரோக்கியமான காலநிலைக்கான உரிமையைத் தனி உரிமையாகவே அறிவித்தது.

இவை மூன்றும் ஆலோசனைக் கருத்துகள். ஒரு கிராமமோ சங்கமோ இவற்றைக் கேட்டுப் போக முடியாது, இவற்றைக் காட்டி ஜப்தி செய்யவும் முடியாது. நாட்டுக்கு எதிராக நாடு போகும் வழக்கும் நினைப்பதைவிடக் குறுகிய வழி. ஹேக் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா 2019இல் புதுப்பித்த அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளோடான தகராறுகளை விலக்கியிருக்கிறது, அதனால் இலங்கையோ மாலத்தீவோ அந்த அறிவிப்பை நம்பி இந்தியாவை ஹேக்குக்கு அழைக்க முடியாது. கடற்சட்ட உடன்படிக்கையில் கட்டாய நடுவர் மன்றம் உண்டு. அந்த வழியில்தான் வங்கதேசம் இந்தியாவை அழைத்து 2014இல் கடல் எல்லைத் தீர்ப்புப் பெற்றது. காலநிலைக்காக அயல்நாடு ஒன்று வழக்குத் தொடுக்க நினைத்தால் ஹேக்கைவிட இதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ஹேக் கருத்தால் ஒரு மீனவக் கிராமத்துக்கு என்ன பயன்? விடை பாலாற்றங்கரையில் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்தது: நாட்டின் சட்டத்துக்கு முரணாகாத சர்வதேச வழக்காற்றுச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே கொள்ளப்படும். ஹேக் நீதிமன்றம் தீங்கு தடுக்கும் கடமை வழக்காற்றுச் சட்டம் என்று சொல்லிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்தால், கருத்து கட்டுப்படுத்தாது என்ற எதிர்வாதம் வலுவிழக்கிறது. நாம் கேட்பது கருத்தை நிறைவேற்றும்படி அல்ல, ஏற்கெனவே உள்நாட்டில் கட்டும் சட்டம் எது என்பதற்கு அதைச் சான்றாகப் பார்க்கும்படி. இலங்கையில் இதே வேலைக்கு 2000ஆம் ஆண்டின் எப்பாவல பாஸ்பேட் வழக்கு உதவும். சுற்றுச்சூழல் பற்றிய ஸ்டாக்ஹோம், ரியோ பிரகடனங்களை அதில் உயர் நீதிமன்றம் கையாண்டிருக்கிறது.

நிறுவனத்தின் மீது நேராக

பணம் வேண்டும் என்றால் இதுவே வழி, ஆனால் மிக நீளமானது. பெருவின் வாராஸ் நகர விவசாயி சவுல் லூசியானோ லியூயா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின்நிறுவனத்தின் மேல் 2015 நவம்பரில் வழக்குத் தொடுத்தார். உலக உமிழ்வில் அதன் பங்கு 0.47 சதவீதம் என்று கணக்கிட்டு, பனியாற்று ஏரி உடைப்பைத் தடுக்கும் செலவில் அந்தப் பங்கைக் கேட்டார், சுமார் 17,000 யூரோ. ஜெர்மன் நீதிபதிகள் 2022இல் மலையேறி வந்து ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று ஹாம் மேல்நீதிமன்றம், ஒரு நிறுவனம் இப்படிப் பொறுப்பாவது சட்டப்படி சாத்தியம், தூரம் ஒரு தடையல்ல என்றது. ஆனால் அவர் வீட்டை வெள்ளம் அடுத்த 30 ஆண்டில் தாக்கும் வாய்ப்பு 1 சதவீத அளவுதான் என்று தள்ளுபடி செய்தது. சட்டம் வென்றது, அந்த ஒரு வீடு தோற்றது. அடுத்தவர் மனுதாரராக யாரை நிறுத்துவது என்று யோசிக்கும்போது, ஊரிலேயே அதிக ஆபத்தில் நிற்கும் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இதன் பாடம். ஜெர்மனியில் தோற்றவரே எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க வேண்டும், பின்னால் ஒரு அமைப்பு நிற்காமல் இறங்கவே கூடாது.

கடன் கொடுத்தவரைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது. குஜராத் முந்த்ராவின் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்குக் கடன் கொடுக்கும் ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீனவர்கள் அதன் குறைதீர் அலுவலகத்தில் முறையிட்டு, பிறகு அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தார்கள். 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட அமைப்புக்கு முழு விலக்கு இல்லை என்றது. ஆனால் தீங்கு நடந்தது இந்தியாவில் என்று கீழ் நீதிமன்றங்கள் பின்னர் வழக்கை முடித்துவிட்டன. நீதிமன்றத்தைவிட அந்தக் குறைதீர் முறையீடு செலவில்லாதது, கடன் தவணை முடிவதற்கு முன் போனால் பலனும் கூடுதல்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கட்டப்போகும் ஒரு திட்டத்தை நிறுத்த வேண்டிய தமிழ்நாட்டு ஊருக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தைத் தவிர வேறெதிலும் நேரத்தைச் செலவிடுவது வீண். வெளிநாட்டு மன்றம் எதுவும் அந்த வேகத்தில் எதையும் நிறுத்தாது. அரசின் காலநிலைக் கொள்கையை மாற்ற நினைக்கும் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் வேலூர் தீர்ப்பையும் ஹேக் கருத்தையும் சேர்த்து வைக்கட்டும், சிறப்பு அறிக்கையாளருக்கும் அதே வாரம் எழுதட்டும். இலங்கைக் குழு ஒரு மாதக் கெடுவுக்குள் அடிப்படை உரிமை மனுவைப் போடுவதே எல்லாவற்றுக்கும் முதல், ஜெனீவா பிறகு. அந்தக் கெடுவைத் தன் தவறால் விட்டவர் ஜெனீவாவில் உள்நாட்டு வழி முடிந்தது என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் இருப்பவர்கள் சங்கமாகப் போகட்டும்.

எந்த வாசலானாலும் கொண்டுபோகும் கோப்பு ஒன்றுதான், அதை வழக்குக்கு முன்பே தொடங்க வேண்டும். கடலரிப்பு என்றால் நகராத ஒரு குறியிடம் வேண்டும்: கோயில் மதில், மின்கம்பம், பள்ளிச் சுவர். அங்கிருந்து உயர் அலைக் கோடு வரை ஒவ்வொரு பௌர்ணமியிலும் அளவு நாடாவால் அளந்து, பக்க எண் இட்ட தைத்த நோட்டில் எழுதி, இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். உதிரித் தாள் நீதிமன்றத்தில் நிற்காது. கிணற்று நீரின் உப்பளவு, இடிந்த வீட்டின் பட்டா, கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்த ஒவ்வொரு மனுவின் பெறுகைச் சீட்டு, எல்லாம் தேதிவாரியாக. கைபேசிப் படங்களுக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் அழிந்து வரும். ஆகவே எடுத்த கைபேசியிலேயே மூலப் படம் அழியாமல் இருக்க வேண்டும். அந்தக் கைபேசியை மாற்றுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.